மனச்சோர்வும் மருந்தும்

சிவமயம்

மேலைமலைத் தொடரின் அடிவாரத்தே, தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டத்தில் உள்ளது இராயகிரி. தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்கள் எனப் போற்றப்பெறும் சங்கரன்கோயில், தாருகாபுரம், கரிவலம்வந்தநல்லூர், தென்மலை, தேவதானம் என்னும் ஐந்தும் அவ்வூரினின்று ஒரு பகலிற் சென்று மீளத்தகும் அணிமையின. நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் முறையே இத்தலங்களில் எழுந்தருளியுள்ள பெருமானை வழிபட்டு வரும் இராயகிரி அன்பர் சிலர், அண்மையில் எம்பால் வந்து ஒரு வினா நிகழ்த்தினர். மனச்சோர்வு நோயால் வருந்தும் ஒருவர், அவர் சிவதீக்கை பெற்றவரும் ஆவராயின், மருத்துவர் தரும் மாத்திரைகளை உட்கொள்ளலாமோ? உட்கொள்ளின் அது திருவைந்தெழுத்தின்கண் ஐயுற்ற குற்றமாகாதோ? திருநீறும் கோயில் வலமும் அமையாவோ? என்பதே அவ்வினா.

இது பொழுதுபோக்காக எழுந்த வினாவன்று. அவர்தம் இல்லத்தே இருபத்தாறு வயதுடைய இளைஞர் ஒருவர் ஈராண்டாக இந்நோயால் வருந்துகின்றார். உறவினர் சொற்கேட்டு இருமுறை மருந்தை நிறுத்தினார். இருமுறையும் நோய் முன்னினும் மிக்கது. இரண்டாம் முறை பல நாள் உணவு கொள்ளாது கிடந்து, ‘இனி யான் இருத்தலாற் பயனில்லை’ என்று கூறத் தொடங்கினார். அதன்பின்னரே எம்மை நாடினர். ஆதலின் விடையை நூல்வழியால் நிறுவிப் பின்னர்க் கூறலாம் எனத் தாழ்க்காது முதற்கண்ணே கூறினாம்: மருந்து உண்ணலாம், உண்ணுதல் வேண்டும், திருநீறும் திருவைந்தெழுத்தும் அதனொடு மாறுகொள்வன அல்ல. அவ்விடைக்கு ஆதாரம் யாதென்பதை ஈண்டு விரிக்கின்றாம். பிற ஊர்களிலும் இவ்வினா எழுந்து, விடை பெறாமையால் உயிர்கள் மாள்வனவாதலின் இதனை எழுதத் துணிந்தாம்.

மனம் என்பது யாது? இதனைத் தெளியாமையே குழப்பம் அனைத்திற்கும் வித்து. உலகியலார் மனத்தையே தாம் என்று கருதுவர். மனம் நோயுற்றது எனின் தாமே கெட்டொழிந்தோம் எனக் கொள்வர். சித்தாந்தமோ அங்ஙனம் கூறுவதன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்மதத்துவம் இருபத்துநான்கனுள் வைத்து எண்ணப்படுவன. ஐம்பூதங்களும் அவ்விருபத்துநான்கனுள்ளேயே அடங்குவன. இரண்டும் மாயையின் காரியம், இரண்டும் சடம். காலெலும்பும் மனமும் ஒரே பட்டியலிற் கிடப்பன என்பது பொருள். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனத் துணிந்து, அமைச்சரொடு கூடி நின்று ஆளும் அரசனை அதற்கு உவமையாக்கினார். அமைச்சன் ஒருவன் பிணியுற்றானாயின் அரசன் மருத்துவனை விடுப்பான். அரசன் பட்டம் இழந்தான் என்று ஊரார் பறையறைவாரல்லர்.

எலும்பு முறிந்த அடியாரை நோக்கி, ‘உமக்குச் சிவபத்தி குறைந்தமையால் எலும்பு முறிந்தது, கட்டுப் போடாது பஞ்சாக்கரம் செபிமின்’ என்று கூறுவார் எவரும் இலர். கரணம் தளர்ந்தாரை நோக்கி மட்டும் அங்ஙனம் கூறத் துணிகின்றோம். இவ்வேறுபாட்டிற்கு நூலில் இடமில்லை.

‘சடமாயினும் மனம் நுண்ணிது, பருப்பொருளாகிய மாத்திரை அதனை எங்ஙனம் சாரும்?’ எனின், கள்ளுண்டான் மதி மயங்குதலை யாவரும் காண்கின்றனர். நெடும்பசி வந்தவழி வெகுளி மிகுதலையும், உறக்கம் கெட்டவழி நினைவு தடுமாறுதலையும் தம்மிடத்தே காணாதார் இலர். பருப்பொருளால் மயங்கும் கரணம் பருப்பொருளால் தெளிதற்கு இழுக்கென்னை? மாயையை இருட்கண் ஏற்றிய விளக்கெனப் பெரியோர் உவமித்தனர். ஆணவ இருள் நீங்கித் திருவருட்பகல் புலருமளவும் உயிர்க்கு உதவுதற் பொருட்டே தனு கரண புவன போகங்களை இறைவன் தந்தருளினான். அவ்விளக்கு மங்குங்கால் திரியைத் தூண்டுதலும் நெய் பெய்தலும் பகலவனை இகழ்ந்தவாறாகுமோ?

இனி, மனச்சோர்வு என யாம் ஈண்டுக் குறிப்பது, பொருள் இழந்தார்க்கும் உற்றாரைப் பிரிந்தார்க்கும் இயல்பாகத் தோன்றிக் காலத்தால் தணியும் துயரத்தை அன்று. இரண்டு வாரங்கட்குக் குறையாது, நாள்தோறும், பொழுதின் பெரும்பகுதியும் உள்ளம் தாழ்ந்தே கிடத்தல். முன்பு உவந்தவற்றில் உவப்பின்மை. உறக்கமும் உணவும் பிறழ்தல். சிறு தொழிலும் மலையெனத் தோன்றுதல். செய்யாத குற்றத்திற்கும் தம்மை நொந்துகொள்ளுதல். சாக்காட்டை நினைத்தல் என்னும் இவை பலவும் கூடி நிற்பது நோய் என மருத்துவர் துணிவர். 2015-16 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நிகழ்ந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் இருபதின்மருள் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆட்பட்டவர் எனக் கண்டது. மனநோயுற்றாருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவம் பெறாதே கழிகின்றனர் என்பதும் அவ்வாய்வின் முடிபு.

சிலர் இதனை ஆணவமலத்தின் மிகுதி என்பர். அது பொருந்தாது. ஆணவம் உயிர்கள் அனைத்தையும் அநாதியே பற்றியது. ஒருவர்க்கு ஐப்பசியில் மிக்குத் தையிற் குறைவதன்று. தைராயிடு என்னும் கழுத்துச் சுரப்பி குன்றினும், குருதிச்சோகை உண்டாயினும் இந்நோயின் குறிகள் தோன்றும் என்று கூறி, மருத்துவர் முதற்கண் குருதியை ஆய்வதுண்டு. குருதியை ஆய்ந்து அறியத்தகும் ஒன்றனை ஆணவம் என்றல் ஆணவத்தின் இலக்கணம் அறியாதார் கூற்று.

‘அற்றேல், நோய் என்பது பிராரத்த வினையின் பயன், நுகர்ந்தே கழித்தற்பாலது, மருந்துண்டு அதனை விலக்க முயல்தல் வினையை இறைவன் ஊட்டும் முறைக்கு மாறாகாதோ?’ என வினாவுவார் உளர். பசியும் பிராரத்தமே. அதனை நுகர்ந்தே கழிப்பல் என்று எவரும் உண்ணாதிருந்திலர். மழையில் நனைதல் வினைப்பயன் எனின், குடை கிடைத்தலும் வினைப்பயனே. நோய் வந்த வினைவழியே மருந்தும், அதனைத் தரும் கையும், அக்கையிடம் அழைத்துச் செல்லும் உடன்பிறந்தாரும் வருகின்றனர். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் ஒருவனே. நோயை மட்டும் அவன் கூட்டினான், மருந்தை வேறொருவர் கூட்டினார் என்பார், தம்மை அறியாமலே இரண்டு கடவுளைக் கொண்டவராவர். திருவள்ளுவனாரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தே நோயுற்றவன், தீர்ப்பான், மருந்து, உடனிருந்து பேணுவான் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தமையும் ஈண்டைக்கு வேண்டுவது. நான்காமவனைப் பற்றிப் பின்னர்க் கூறுதும்.

மருந்தை மறுப்பார் தமக்கு அரணாகக் கொள்வது பெரும்பாலும் திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறு. சூலைநோய் மருந்தால் தீராது திருவதிகையில் திருநீற்றால் தீர்ந்தது என்பர். சேக்கிழார் சுவாமிகள் கூறியவாறே அப்பகுதியை ஓதிப் பார்ப்பார்க்கு ஒன்று புலனாகும். பாடலிபுத்திரத்துச் சமணர் தருமசேனர்க்குச் செய்தவை மந்திரித்த நீரை ஊட்டியமையும் மயிற்பீலியால் தடவியமையும் ஆம். அங்குத் தோற்றது மந்திரமேயன்றி மருத்துவ நூல் அன்று. அன்றியும் அச்சூலை, புறச்சமயம் புக்க அடியாரை மீட்டு ஆட்கொள்ளுதற்கென்றே பெருமான் விடுத்த சிறப்பு நோய். நம் ஊரார்க்கு வரும் நோயெல்லாம் அவ்வகையின என்று கொள்ள நாம் நாவுக்கரசரல்லேம். இவ்வரலாற்றில் நாம் மறந்துவிடுவது திலகவதியம்மையாரை. சமயத்தையே விட்டுப்போன தம்பி, நோயொடு இரவில் மீண்டுவந்து தாள் வீழ்ந்தபோது, அவ்வம்மையார் அவரை எடுத்து, ஆறுதல் கூறி, நீறளித்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் தம்மொடு திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ‘நின் நம்பிக்கைக் குறைவே நின் நோய்’ என்ற சொல் அவர் வாயினின்று பிறந்திலது. அதனைக் கூறுதற்கு எவரினும் உரிமையுடையார் அவரே.

அன்பிற்கு எல்லையாக வைத்து எண்ணப்பெறுபவர் கண்ணப்பநாயனார். காளத்தியப்பர் திருக்கண்ணில் உதிரம் ஒழுகக் கண்டபோது அவர் முதற்கண் செய்தது யாது? செய்தாரைத் தேடினார், காணாராயினார், உடனே காட்டினுட் சென்று பச்சிலை மருந்துகளைக் கொணர்ந்து பிழிந்து வார்த்தார். அம்மருந்தால் நில்லாத பின்னரே தம் கண்ணை இடந்து அப்பினார். இறைவன் திருக்கண்ணுக்கே மருந்து தேடிய அன்பினை நாம் போற்றுகின்றோம். அடியார் மனத்துக்கு மருந்து தேடினால் அன்பு குறைந்தது என்கின்றோம்! பெருமானும் புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதன் என்னும் திருப்பெயர் பூண்டு எழுந்தருளியுள்ளான். தருமபுர ஆதீனத்து அருளாட்சியிலுள்ள அத்திருக்கோயிலில் தன்வந்திரிக்கும் சந்நிதி உண்டு. மருத்துவம் இறைவற்குப் பகையாயின் அவ்விடம் அவற்கு ஏது?

இனி, மடங்களொடு பழகுவார் சிறப்பாக அறிந்துகொள்ளற்பாலது ஒன்று உண்டு. மனச்சோர்வுற்றார் உலகில் உவர்ப்புற்றார் போலத் தோன்றுவர். பொருளை விரும்பார், உடையைப் பேணார், பேச்சொடுங்குவர், தனித்திருப்பர். இதுகண்டு ‘பையனுக்கு வைராக்கியம் பிறந்தது, இருவினையொப்பு வந்தெய்தியது’ என மகிழும் பெற்றோரை யாம் கண்டுள்ளேம். அவ்விளைஞரைத் துவராடை பெறுவிக்க மடத்து வாயிலிற் கொணர்ந்து நிறுத்துவாரும் உளர். இரண்டற்கும் உள்ள வேற்றுமை, உற்று நோக்குவார்க்கு, இருளும் நீலமும்போல நெருங்கியதாயினும் வேற்றுமையே. இருவினையொப்பாவது நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் உள்ளத்தே ஒரு நிகராதல். நோயுற்றார்க்கோ இன்பத்தட்டு முறிந்து வீழ்ந்தது. துன்பத்தட்டு நிலத்தொடு கிடக்கின்றது. முறிந்த தராசை நடுநின்ற தராசு என்னலாமோ? வைராக்கியம் பேரின்பச்சுவை ஒன்று முளைத்துச் சிறுசுவைகளைத் தள்ளுதலால் உண்டாவது. நோயிலோ அப்பேரின்பச்சுவையே முதற்கண் மறைகின்றது. இராயகிரி இளைஞர் எம்மிடம் தனித்துக் கூறியதும் இதுவே: ‘முன்பெல்லாம் தேவாரம் ஓதும்போது கண்ணீர் வரும், ஐயா, இப்போது ஏட்டைப் படிப்பதுபோல் இருக்கிறது. சுவாமி என்னைக் கைவிட்டுவிட்டார் போலும்.’ வைராக்கியம் உடையார் இங்ஙனம் வருந்தார். கைவிட்டான் என்று வருந்துதலே பற்று அறாமைக்குக் கரி. அவர்க்கு அன்பு இருந்தது, அதனைச் சுவைக்கும் கருவி பழுதுற்றது. காய்ச்சலுற்றார் நாவிற்குப் பாலும் கைக்கும். பால் கைப்பதாய்விட்டது என்று அழவேண்டுவதில்லை என்றாம். அது கேட்டு அவர் நெடுநேரம் பேசாதிருந்து, ‘அப்படியாயின் மீண்டும் இனிக்குமா?’ என்றார். இனிக்கும் என்றாம். மருந்துண்டு நலமுற்றார் பலர் அங்ஙனமே கூறக் கேட்டுள்ளேம்.

தம்மை இழித்துரைத்தலும் இங்ஙனமே பிரித்துணரற்பாலது. மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயினும் தாழ்த்திக் கூறுவர். அது பெருமான் திருமுன் நின்று, அவன் பெருமையும் தம் சிறுமையும் ஒருங்கே கண்டு, அத்துணைச் சிறியேனையும் ஆண்டாயே என உருகும் உரை. நோயுற்றார் தம்மை இழித்துரைக்குங்கால் எதிரே ஒருவரும் இலர். ஆண்டாய் என்னும் பயனிலையும் இல்லை. இதனைப் பணிவு என்று போற்றுதல் தீயை விளக்கென்று போற்றியவாறு.

ஆகலின் துறவு வேண்டி வரும் இளைஞரை ஆராயும் பெரியோர்கட்கு ஒரு விண்ணப்பம். அவர்தம் உறக்கம், உணவு, முன்னிருந்த இயல்பு ஆகியவற்றை வீட்டாரிடம் வினாவுக. ஐயம் தோன்றின் மருத்துவரிடம் காட்டுக. நோய் உளதாயின் அது தீர்ந்து ஆறு திங்கள் கழிந்த பின்னும் துறவு வேட்கை நிலைபெறுமேல் அப்போது ஆராய்க. மெய்யான வேட்கை ஆறு திங்களிற் பழுதுபடாது.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றிலும் நமக்கு நேரே வேண்டும் பகுதி ஒன்று உளது. சங்கிலியார்க்குக் கூறிய உறுதி பிழைத்துத் திருவொற்றியூரை நீங்கியவழி இரு கண்ணொளியும் மறைந்தன. திருவெண்பாக்கத்தே பெருமானை வேண்டினார். வேண்டியது கண், பெருமான் அளித்தது ஓர் ஊன்றுகோல். வெகுண்டு அக்கோலை எறிந்தார் என்றும், அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடித்தது என்றும் தலத்தார் கூறுவர்; பூண்டி நீர்த்தேக்கத்தால் பழைய கோயில் இடம்பெயர்ந்த பின்னும் கொம்பொடிந்த நந்தியைக் காட்டுகின்றனர். சேக்கிழார் சுவாமிகளோ அவர் அக்கோலைப் பற்றி வழிநடந்தார் என்றே பாடினார். திருவாலங்காட்டெல்லையைத் தொழுது, காஞ்சியை எய்தி ஆங்கு இடக்கண் பெற்றார். பின்னும் உடற்பிணி ஒன்றனைத் திருத்துருத்தித் திருக்குளத்தே முழுகித் தீர்ந்தார். வலக்கண் கிடைத்தது திருவாரூரில். ஒரே பதிகத்தில் அனைத்தும் அளிக்க வல்ல பெருமான் தம் தோழர்க்கே படிப்படியாக அளித்தான். இடையில் நடந்த தொலைவெல்லாம் கோலூன்றியும் பாடியும் நடந்ததே. கோலை ஊன்றியமையால் பதிகம் பயனற்றதாயிற்றிலது; பதிகம் பாடினமையால் கோலும் வேண்டாததாயிற்றிலது.

மருத்துவர் கூறுவதும் இப்படிமுறையையே. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் இன்று உண்டால் நாளை தெளிவிப்பன அல்ல. இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலர்க்கு அதனினும் மிகுதியாகக் கழிந்த பின்னரே பயன் தோன்றும். நலம் தோன்றியவுடன் நிறுத்தலாகாது; அதன்பின்னும் ஆறு திங்களேனும் தொடர்தல் வேண்டும்; நிறுத்துங்கால் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். நோய் மெல்லிதாயின் மாத்திரையின்றி உரையாடல் வழி மருத்துவமே அமைதலும் உண்டு. சித்த மருத்துவத்தை விரும்புவார் உளர். மனநோய்களைக் கிரிகை என்னும் பெயரால் பதினெட்டாக வகுத்த மரபு அதற்கு உண்டு. பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியும் 1964 முதல் நடைபெறுகின்றது. எம்மருந்தாயினும் கற்றுத் தேர்ந்தார் கையினின்று கொள்க. இரண்டு வகை மருந்தும் ஒருங்கு கொள்வார் ஒருவர் தருவதை மற்றவர்க்கு மறையாது கூறுக.

‘ஆங்கில மருத்துவன் சிவநெறி அறியாதவன், அவன் கையால் உண்பதோ?’ என்பார்க்கு ஏயர்கோன் கலிக்காமநாயனார் வரலாறு விடையாகும். அவர்க்குச் சூலை தந்த பெருமானே, அது வன்றொண்டனாலன்றித் தீராது என்றும் அருளினான். வன்றொண்டர்பால் கொண்ட வெகுளியால் நாயனார் அக்கை தம்மைத் தீண்டுதலை ஏலாது உயிர் நீத்தார். நாயன்மார் செயல் நமக்கு அளவையன்று. பெருமான் செயலை நோக்குக. அம்முடிவைத் திருவுள்ளம் ஏற்றிலது. அவரை மீள எழுப்பி, எக்கையை வெறுத்தாரோ அக்கையையே பற்றச் செய்தான். தீர்ப்பவன் இறைவன் எனக் கொள்வார், எவர் கைவழித் தீர்ப்பது என்பதையும் அவனுக்கே விடுதல் முறை.

இனிக் கோயில்களின் நிலையைச் சிறிது கூறுதும். சங்கரன்கோயிலிற் கோமதியம்மை சந்நிதிக்கு முன்னர், திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் பதித்ததென வழங்கும் சக்கரக்குழி உண்டு. சித்தம் கலங்கினாரை அதில் அமர்த்தி அம்மையை வேண்டுதலும் புற்றுமண் பூசுதலும் நெடுங்கால வழக்கு. இவ்வழக்கை இகழ்வார் கட்சியில் யாமில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை மருத்துவர் சிலர் ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். சராசரி ஆறு வாரம் தங்கிய அவர்க்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தன. அச்சுறுத்தாத சூழலும், உறவினர் உடனிருத்தலும், சிறு பணிகளில் ஈடுபடுதலும் உதவின எனக் கருதினர். கோயில் செய்வது இது. ஆயின் அவ்வாராய்ச்சியின் எல்லையையும் மறைத்தல் நேர்மையன்று: ஆராயப்பட்டார் பெரும்பாலும் சித்தச்சிதைவு போன்ற கடுநோயினர், மனச்சோர்வுக்கு அதனை ஆதாரமாக்கல் ஆகாது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது எனின் நான்கு பங்கு எஞ்சியது என்பதும் அதனுள் அடங்கும்.

கோயிலொன்றே போதும் என்று விட்டுவிட்டதன் கொடுமுடியை 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஏர்வாடியில் நாடு கண்டது. அங்குத் தருகாவை நாடி வந்த மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். அது பிற சமயத்தார் இடத்தில் நிகழ்ந்தது என்று நாம் அமைதல் கூடாது. சங்கிலி நம் கோயிற்புறங்களிலும் கிடந்ததுண்டு. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியாற் கட்டுதலை எவ்வகையாலும் விலக்கிவிட்டது. குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி திருக்கோயிலில் மண்டலவிரதம் இருக்கும் நோயாளர்க்கென மறுவாழ்வு இல்லமும், வந்து காணும் மனநல மருத்துவரும் உளர். வைணவத்தலமாயினும் நல்லதனை எடுத்துக்கூற நாணேம். நம் திருமடங்களைச் சார்ந்த தலங்களிலும் அங்ஙனம் அமைத்தல் அரிதன்று. மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரைத் திங்கள்தோறும் ஒரு நாள் அழைத்தாலும் அமையும்.

நான்காமவனாகிய உடனிருந்து பேணுவானைப் பற்றிக் கூறுதும் என்றாம். தீக்கை பெற்ற நோயாளர் பெரும்பாலும் வருந்துவது நித்திய கருமம் தவறிற்றே என்பது பற்றி. எழுந்து நீராட உடம்பு ஒருப்படாது; நீராடாமையால் பூசை தவறும்; தவறியது பற்றிய குற்றவுணர்ச்சி நோயை வளர்க்கும். பேணுவார் ஆறுமுகநாவலர் இயற்றிய சைவ வினாவிடையை எடுத்துக் காட்டுக. நோயாளர்க்கென்றே குறைந்த நீராட்டு வகைகளை நம் முன்னோர் விதித்துள்ளனர்; ஈரவாடையால் உடம்பைத் துடைத்துத் தூய உடை உடுக்கும் கபில நீராட்டும் அவற்றுள் ஒன்று. அதுவும் ஆகாத நாளில் நீறிட்டு ஐந்தெழுத்தை ஒருமுறை நினைந்தால் போதும். நோன்பும் அங்ஙனமே. மனவெழுச்சியும் தாழ்ச்சியும் மாறி வரும் நோய்க்கு இலித்தியம் என்னும் உப்பினை உண்பார் நீர் அருந்தா நோன்பு கொள்ளலாகாது; நீர் குறையின் அம்மருந்து குருதியில் மிக்கு நஞ்சாகும். மருத்துவரை வினாவாது பிரதோட நோன்பும் சட்டி நோன்பும் விதித்தல் பக்தி வளர்க்கும் செயலன்று.

சாக்காட்டை நினைப்பார் முன்னிலையில் நரகத்தை விரித்துரைத்து அச்சுறுத்தல் சில சொற்பொழிவாளர்க்கு வழக்கம். அதனை முற்றும் விலக்குக. அந்நோயாளர் தாம் நரகத்திற்கே உரியர் என முன்னமே துணிந்தவர். நாம் அத்துணிவிற்கு நூற்சான்று தருவோமாயின் அது கொலைக்கு உடன்படுதலை ஒக்கும். அத்தகையாரை இரவிலும் தனித்திருக்க விடற்க. சாவு நினைவு உண்டா என நேரே வினாவுக. வினாவுதலால் அந்நினைவு புதிதாக முளைக்கும் என்பது பொய். அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 2022 அக்டோபர் முதல் நடைபெறும் அரசின் மனநல உதவித் தொலைபேசி 14416 என்னும் எண்ணில் பகலும் இரவும் தமிழிலும் பேசலாம்; மடத்து அலுவலறைச் சுவரில் அவ்வெண்ணை எழுதி வைத்தல் நன்று.

இராயகிரி அன்பர் பிரியுங்கால் இன்னும் ஒன்று வினாவினர்: மருந்துண்ணும் காலத்தும் பிள்ளையைச் சங்கரன்கோயிலுக்கு அழைத்துச் சென்று சக்கரக்குழியில் அமர்த்தலாமா என்று. அழைத்துச் செல்க என்றாம். அவர் உடன்பட்டால் அமர்க, உடன்படாவிடின் அம்மையைத் தொழுது மீள்க. ஆடித்தபசுக் கூட்டத்தில் வேண்டா. கூட்டம் குறைந்த நாளாகத் தெரிக. இரவு உண்ணும் மாத்திரையைப் பையில் மறவாது வைத்துக்கொள்க. மீளும் வழியில் தாருகாபுரம் சென்று மத்தியத்தநாதரையும் தொழலாம். அரசரிடைப் பகை தீர்த்த அப்பெருமான் இவ்வீட்டில் கோயிற்கட்சியாகவும் மருந்துக்கட்சியாகவும் பிரிந்து நிற்கும் பெரியப்பாவையும் மாமனையும் ஒருவாறு இணைத்து வைப்பான் என்றாம். நகைத்தனர். இளைஞரும் சிறிது நகைத்தார்.